தேய்வதற்கென்றே ஓர் உறுப்பு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருப்பனந்தாள் வட்டாரத்தில், சம்பாவும் தாளடியும் அறுவடையான பிறகு, வயலில் எஞ்சிய ஈரத்தையும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் கொண்டு கோடைப் பருத்தி பயிரிடும் வழக்கம் உண்டு. நெல் தரிசுப் பருத்தி என்று வேளாண் துறையினர் குறிப்பிடும் இந்தச் சாகுபடிக்கெனவே எம்.சி.யூ. 7 போன்ற குறுகியகால இரகங்கள் முன்பு வெளியிடப்பட்டன. இன்று அவற்றின் இடத்தை வீரிய ஒட்டு இரகங்கள் பெருமளவு பிடித்துவிட்டன. கையால் எடுக்கப்படும் பருத்தி, கும்பகோணம், பாபநாசம் முதலிய ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலம் போய், அரவை ஆலைகளில் கொட்டை நீக்கப்பட்டு, பஞ்சுப் பொதிகளாக நூற்பாலைகளைச் சென்றடைகிறது. திருப்பனந்தாளுக்கு வடகிழக்கே மணல்மேட்டில் ஒரு கூட்டுறவு நூற்பாலை இயங்கிவந்த காலம் உண்டு. அது மூடப்பட்ட பின், படுகையின் பருத்தி நூலாக மாறுவது பெரும்பாலும் மேற்கு, தென் மாவட்டங்களில்தான்.

பஞ்சு மென்மையானது, ஆயினும் அது எஃகைத் தேய்க்கிறது, ரப்பரில் பள்ளம் பறிக்கிறது, கம்பிப் பற்களை மழுக்குகிறது. இழையோடு வரும் மண் துகளும் சருகும் ஒரு காரணம் என்றால், வெள்ளை ஈயும் அசுவினியும் காய் வெடித்த பஞ்சின் மீது விட்டுச்செல்லும் தேன்போன்ற கழிவு, உருளைகளில் ஒட்டிக்கொண்டு இழைகளைச் சுற்றவைப்பது இன்னொரு காரணம். இவை எதுவுமே இல்லாத தூய பஞ்சு கிடைத்தாலும் தேய்மானம் நிற்காது. ஏனெனில் இழைகளை இழுத்து மெலிதாக்குவதும் முறுக்குவதும் உராய்வின்றி நடவா. ஆகவே நூற்பு இயந்திரத்தை வடிவமைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும்: இணைந்து இயங்கும் உறுப்புகளில் எது தேய வேண்டும், தேய்ந்த அந்த உறுப்பை எவ்வளவு நேரத்தில் கழற்றி மாற்ற முடியும். முதல் கேள்வியைப் பொறியியல் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நூற்பாலையின் இலாபத்தையும் தொழிலாளியின் உடல்நலத்தையும் நாள்தோறும் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டாவது கேள்விக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, தமிழக ஆலைகளில் ரிங் பிரேம் என்றே வழங்கும் வளைய நூற்பு இயந்திரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் தார்ப் 1828-இல் வளைய நூற்புக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே டிராவலர் என்னும் சிறு உறுப்பு அதனோடு வந்து சேர்ந்தது. இயந்திரத்தின் அமைப்பு இதுதான்: செங்குத்தாக நிற்கும் கதிர் ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் எஃகு வளையம் பொருத்தப்பட்டிருக்கும், அந்த வளையத்தின் விளிம்பைக் கவ்வியபடி, ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல் வளைந்த கம்பித்துண்டு ஒன்று தொங்கும். அதுவே டிராவலர். மேலே உருளைகளிலிருந்து வரும் நூல் இந்த டிராவலருக்குள் நுழைந்து, கதிரில் செருகிய பாபினில் சுற்றிக்கொள்ளும். கதிர் சுழலும்போது நூல் டிராவலரை இழுத்துக்கொண்டு ஓடும். டிராவலரின் ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு முறுக்காகும். கதிரைவிட டிராவலர் சற்றே பின்தங்குவதால் அந்த வேறுபாட்டின் அளவுக்கு நூல் பாபினில் ஏறும். முறுக்குதல், சுற்றுதல், நூலை விறைப்பாக வைத்திருத்தல் ஆகிய மூன்று வேலைகளையும் தனக்கென்று எந்த உந்துவிசையும் இல்லாத ஒரு கம்பித்துண்டு செய்துமுடிக்கிறது என்பதை எண்ணும்போது, இருநூறு ஆண்டுகளாக இந்த அமைப்பு ஏன் நிலைத்து நிற்கிறது என்பது விளங்கும்.

அதற்கு அது செலுத்தும் விலை சிறிதன்று. வளையத்தின் விட்டம் 38 மில்லிமீட்டர், கதிரின் வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று கொண்டால், டிராவலர் விநாடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் வளையத்தின் மீது வழுக்கி ஓடுகிறது. இடைவிடாமல் ஒரு நாள் ஓடினால் அது கடக்கும் தொலைவு 3,000 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தியாவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரையிலான நீளம் 3,214 கிலோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் இந்த ஓட்டத்தின் அளவு புலப்படும். நாற்பதாம் எண் நூலுக்குப் பயன்படும் டிராவலரின் எடையோ 30 முதல் 40 மில்லிகிராம்தான். ஆயினும் அத்தனை வேகத்தில் அத்தனை சிறிய வட்டத்தில் சுழல்வதால் எழும் மையவிலக்கு விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்காகிறது; 35 மில்லிகிராம் கம்பித்துண்டு கால் கிலோவுக்கு நெருக்கமான அழுத்தத்தோடு வளையத்தின் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது என்பது இதன் பொருள். தொடும் இடம் மிகச் சிறியதாகையால் அங்கே வெப்பம் சில நூறு பாகைகள் வரை ஏறுகிறது. விசை வேகத்தின் இருபடிக்கும், உராய்வில் பிறக்கும் வெப்பம் அதன் முப்படிக்கும் ஏற்ப உயர்வதால், கதிரின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் விசை 21 விழுக்காடும் வெப்பம் 33 விழுக்காடும் கூடும். நூற்பு இயந்திரத்தின் வேகத்துக்கு எல்லை வகுப்பது மோட்டாரின் ஆற்றலைவிட இந்தக் கம்பித்துண்டின் தாங்குதிறனே.

இத்தகைய நிலையில் இரண்டில் ஒன்று தேய்ந்தே தீரும். வடிவமைப்பாளர்கள் டிராவலரைத் தேய விட்டார்கள். வளையத்தின் எஃகு மிகக் கடினமாகப் பதப்படுத்தப்படுகிறது. டிராவலரின் எஃகு அதைவிடச் சற்று மென்மையாக வைக்கப்படுகிறது. இந்த வேறுபாடு தற்செயலானதன்று. வளையம் தேய்ந்தால் அதைத் தாங்கும் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டும், புதியதைப் பொருத்த வேண்டும், பிறகு கதிரின் நடுப்புள்ளியும் வளையத்தின் நடுப்புள்ளியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இம்மி பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் நூலின் இழுவிசை ஏறி இறங்கி, இழை அறுந்துகொண்டே இருக்கும். அதோடு, புதிய வளையத்தை உடனே முழு வேகத்தில் ஓட்டவும் முடியாது. டிராவலர் ஓடும்போது நசுங்கும் பஞ்சிழைத் துணுக்குகளும் அவற்றிலுள்ள இயற்கை மெழுகும் வளையத்தின் மீது மெல்லிய படலமாகப் படிந்து மசகாகின்றன. வெளியிலிருந்து எண்ணெய் இடப்படாத இந்த இடத்தில் அதுவே உயவுப்பொருள். அந்தப் படலம் உருவாகும் வரை வேகத்தைக் குறைத்தும் டிராவலரை அடிக்கடி மாற்றியும் வளையத்தைப் பழக்க வேண்டும். இவ்வளவு தொல்லை தரும் உறுப்பு ஆண்டுக்கணக்கில் உழைக்க, விலை குறைந்த, விரல் நுனியில் அடங்கும் உறுப்பு நாள்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் தேய்ந்து விலகுகிறது. தேய்மானத்தைக் கழற்றுவதற்கு எளிதான இடத்துக்குத் தள்ளிவிட்டது இந்த ஏற்பாடு. நூற்பு இயந்திரவியலின் மிகச் சிறந்த முடிவுகளில் இது ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் எளிது என்ற சொல் ஒரு கதிருக்குப் பொருந்தும் அளவுக்கு ஆயிரம் கதிர்களுக்குப் பொருந்தாது. இன்றைய ரிங் பிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் உள்ளன. தேய்ந்த டிராவலரின் காலில் நூல் ஓடும் இடத்தில் காடி விழுகிறது, எடை குறைகிறது, வளையத்தைப் பற்றும் பிடி தளர்கிறது, ஒரு கட்டத்தில் அது வளையத்தை விட்டுத் தெறித்துப் பறக்கிறது. அதற்கு முன்பே நூலில் பிசிர் கூடிவிடும். எனவே பறக்கும் வரை காத்திராமல், இயந்திரம் முழுவதிலும் உள்ள டிராவலர்களைக் குறிப்பிட்ட கெடுவில் ஒரே சமயத்தில் மாற்றுவது ஆலை வழக்கம். ஒரு கதிருக்கு 6 விநாடி என்று கணக்கிட்டால்கூட 1,200 கதிர்களுக்கு ஒருவர் 2 மணி நேரம் உழைக்க வேண்டும். நாற்பதாம் எண் நூல் ஓடும் அத்தகைய இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 18 கிலோ நூல் தரக்கூடியது என்பதால், ஒரு கதிருக்கு ஆகும் நேரத்தில் ஒரு விநாடி குறைந்தாலும் ஒவ்வொரு மாற்றத்திலும் 20 நிமிடம், அதாவது 6 கிலோ நூல், மிச்சமாகிறது.

இந்தக் கணக்கை உணர்ந்தே டிராவலரைச் சுற்றியுள்ள துணைக்கருவிகள் வளர்ந்தன. கொக்கி போன்ற முனை கொண்ட கருவியால் பழையதை இழுத்து எடுப்பதும், புதியதை ஒவ்வொன்றாக விரலால் எடுத்து வளையத்தில் மாட்டுவதும் தொடக்க கால முறை. உள்ளங்கையில் குவித்த கம்பித்துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், மாட்டுவதைவிடப் பிரித்தெடுப்பதற்கே அதிக நேரம் போயிற்று. பின்னர் டிராவலர்களை ஒரே திசையில் வரிசையாகப் பட்டையில் கோத்து விற்கும் முறை வந்தது. பட்டையைச் செருகிய கருவி, ஒரு தள்ளலுக்கு ஒரு டிராவலரை வளையத்தின் விளிம்பில் ஏற்றிவிடுகிறது. டிராவலரின் எண்ணிடும் முறையும் ஒழுங்குபட்டது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்ட பழைய எண்களுக்கு மாற்றாக, ஆயிரம் டிராவலர்களின் எடையைக் கிராமில் குறிக்கும் எண்ணே பன்னாட்டுத் தரமாயிற்று, ‘35.5’ என்று உறையில் அச்சிட்டிருந்தால் ஒன்றின் எடை 35.5 மில்லிகிராம் என்று எந்த ஊர் ஃபிட்டரும் கணக்கிடலாம். கழற்றி மாட்டும் வேகத்தைப்போலவே, எதை மாட்டுவது என்ற ஐயம் எழாதிருப்பதும் மாற்றும் எளிமையின் பகுதிதான்.

இயந்திரத்தின் மேற்பகுதியில் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. சிம்ப்ளக்ஸ் இயந்திரத்திலிருந்து வரும் தடித்த பஞ்சுத் திரியை மூன்று ஜோடி உருளைகள் அடுத்தடுத்து அதிக வேகத்தில் இழுத்து மெலிதாக்குகின்றன. கீழ் உருளைகள் எஃகு. மேல் உருளைகளின் மீது ஆலைகளில் காட் என்று சொல்லப்படும் ரப்பர் உறை பூட்டப்பட்டிருக்கும். இங்கே வடிவமைப்பாளர் தேய்மானத்தை ஒரே புள்ளியில் குவிப்பதற்கு மாறாகப் பரப்புகிறார்: திரியை வழிநடத்தும் சட்டம் மெல்ல இடமும் வலமும் அசைந்துகொண்டே இருப்பதால், இழைகள் ரப்பரின் ஒரே கோட்டில் ஓடிப் பள்ளம் பறிப்பது தள்ளிப்போகிறது. தள்ளிப்போகுமே தவிர நிற்காது. பள்ளம் விழுந்த காட்டை அரைவை இயந்திரத்தில் மிக மெல்லிய அளவு சீவி, மீண்டும் சமதளமாக்கிப் பயன்படுத்துவர்.

முற்கால இயந்திரங்களில் மேல் உருளைகளை அழுத்துவதற்குக் கீழே கொக்கிகளில் இரும்பு எடைகள் தொங்கவிடப்பட்டன. ஓர் உருளையைக் கழற்ற எடையைத் தூக்கிக் கொக்கியை விடுவிக்க வேண்டும். மாட்டும்போது அதையே திரும்பச் செய்ய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்கள் பொருத்திய மேற்கை அமைப்பு, ஆலை வழக்கில் டாப் ஆர்ம், இந்த எடைகளின் இடத்தைப் பிடித்தது. அடுத்தடுத்த இரண்டு கதிர்களுக்கான மூன்று மேல் உருளைகளையும் ஒரே கை சுமக்கிறது. நெம்புகோலை உயர்த்தியதும் அழுத்தம் முழுவதும் விலகி, உருளைகளைக் கவ்வியிலிருந்து வெறுங்கையால் உருவி எடுக்க முடிகிறது. சீவப்பட்ட உருளைகள் ஒரு தொகுதி எப்போதும் தயாராக இருந்தால், பழையதை உருவிய கையோடு புதியதைச் செருகிக் கையை இறக்கிவிடலாம். சீவும் வேலை இயந்திரத்தை நிறுத்தாமல் பின்கட்டில் நடக்கும். பழுதுபார்ப்பதையும் மாற்றுவதையும் இரு வேறு வேலைகளாகப் பிரித்ததே இந்த அமைப்பின் பெரிய பயன். வில்லின் அழுத்தம் எடையின் அழுத்தத்தைவிடச் சீரானதா என்ற வாதம் அதற்கு அடுத்ததுதான்.

கதிர்களைச் சுழற்றும் டேப், நான்கு கதிர்களுக்கு ஒன்றாக ஓடுவது. முன்பு அறுந்தால் தைத்து இணைத்தார்கள், இப்போது சூடேற்றி அழுத்தி ஒட்டுகிறார்கள். கார்டிங் இயந்திரத்தில் மாற்றம் இன்னும் துணிவானது. பஞ்சைச் சிக்கெடுக்கும் அந்த இயந்திரத்தின் மேற்புறத்தில் நகரும் சட்டங்களில் கம்பிப் பற்கள் பதித்த பட்டைகள் உண்டு. அவற்றை மடித்து இறுக்கிப் பொருத்துவதற்குத் தனிக்கருவியும் தேர்ந்த கையும் தேவைப்பட்டன. ஜெர்மனியின் ட்ரூட்ஸ்லர் நிறுவனம் இந்தப் பட்டைகளை வலுவான காந்தங்களால் சட்டத்தில் ஒட்டி நிற்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தது; மழுங்கிய பட்டையைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வைத்தால் அது தானாகவே தன் இடத்தில் படிகிறது. இறுக்கும்போது நேரும் வளைவும் உயர வேறுபாடும் இல்லாததால், விரைவோடு துல்லியமும் கிடைக்கிறது.

மாற்றும் எளிமையை ஓர் இயந்திரத்தின் அடிப்படை நிபந்தனையாகவே எழுதிவைத்த முயற்சி ஒன்று இந்தியாவில் நடந்தது. காந்தியின் வழிகாட்டுதலில் இயங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம் 1929-இல் மேம்பட்ட கைராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேர உழைப்பில் 12 முதல் 20 வரையிலான எண்ணில் 16,000 அடி நூல் தர வேண்டும், ஒரு பெண் களைப்பின்றி இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இந்தியாவில் 150 ரூபாய்க்கு மிகாத செலவில் செய்ய முடிய வேண்டும் என்பவை பலரும் எடுத்துக்காட்டும் நிபந்தனைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: அவ்வப்போது செப்பனிட்டால் இருபது ஆண்டு உழைக்க வேண்டும், செப்பனிடும் செலவு ஆண்டுக்கு இயந்திர விலையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 150 ரூபாய் இராட்டைக்கு இது ஏழரை ரூபாய். உற்பத்தித்திறனை மட்டும் கேட்டு வாங்கும் வழக்கத்துக்கு நடுவே, தேய்மானத்தின் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு வைத்த இந்த நிபந்தனை இன்றைய கொள்முதல் ஒப்பந்தங்களுக்கும் பொருந்தக்கூடிய தொலைநோக்கு உடையது. பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை.

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கி, 1950-களில் அரசின் கதர்த் திட்டத்தில் இடம்பெற்ற அம்பர் சர்க்கா, ரிங் பிரேமின் தத்துவத்தைக் குடிசைக்குக் கொண்டுவந்தது. இழுக்கும் உருளைகள், வளையம், டிராவலர் எல்லாம் சிறிய வடிவில் அதில் உண்டு. ஒரு கதிர் கொண்ட பழைய இராட்டையைவிட அது பன்மடங்கு நூல் தந்தது. அதே நேரத்தில் பழுதுபார்ப்பின் இயல்பையும் மாற்றிவிட்டது. பழைய இராட்டையில் கதிர் வளைந்தால் வீட்டிலேயே தட்டி நிமிர்த்தலாம், கயிறு அறுந்தால் முறுக்கிக் கட்டலாம், சக்கரம் ஆடினால் ஊர்த் தச்சர் சரிசெய்வார். அம்பரின் வளையத்தையும் டிராவலரையும் காடிகள் வெட்டிய உருளையையும் ஊரில் செய்ய இயலாது. மாட்டுவது எளிது, ஆனால் மாட்டுவதற்கு உரிய பொருள் கையில் இருக்க வேண்டும். அது பட்டறையிலிருந்து சங்கத்துக்கும் சங்கத்திலிருந்து நூற்பவரின் வீட்டுக்கும் வந்துசேரும் வழி தடைபட்டால், ஓர் அணா பெறாத துண்டுக்காக இராட்டை முழுவதும் நிற்கும்.

ஆலைகளும் இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்றன. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய ஆலையும் அதன் பின் கோவையில் பெருகிய ஆலைகளும் லங்காஷயரின் இயந்திரங்களையே நம்பியிருந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் வரத்து சுருங்கியபோது உதிரிப்பாகங்களுக்கு உள்ளூர்ப் பட்டறைகளே கதியாயின. வார்ப்பட, கடைசல் பட்டறைகள் மலிந்த கோவையில் 1956-இல் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும், 1962-இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனக் கூட்டுறவோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் தோன்றின. இயந்திரம் செய்யும் ஆலை, டிராவலரும் கார்டு கம்பியும் செய்யும் துணை நிறுவனங்கள், காட் சீவித்தரும் சிறு பட்டறைகள், எந்த உறுப்பை எப்போது மாற்றுவது என்று அளந்து சொல்லும் ஆய்வுக்கூடம் ஆகியவை ஒரே வட்டாரத்தில் அமைந்தது அந்தத் தொழிலின் வலிமை. தஞ்சைப் படுகையில் பருத்தி உண்டு, ஆனால் இந்தச் சூழல் இல்லை. தேய்ந்த துண்டுக்கு மாற்று அடுத்த தெருவில் கிடைக்கும் ஊருக்கும், பல மாவட்டங்கள் தாண்டி வர வேண்டிய ஊருக்கும் இடையிலான இடைவெளியை இயந்திரத்தின் வடிவமைப்பு ஒன்றினால் மட்டும் மூட முடியாது.

அதனால்தான், தன் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் தனி அளவுகளில் உறுப்புகளைச் செய்து விற்கும் போக்கு கண்டிக்கத்தக்கது. வளையத்தின் விளிம்பு அகலமும் டிராவலரின் எடையும் பொதுத் தரத்துக்கு வந்ததால் பல நிறுவனங்கள் போட்டியிட்டுத் தரமும் விலையும் சீரடைந்தன. அண்மைக் காலத்தில் பிசிரைக் குறைக்கும் காம்பாக்ட் நூற்பு முறையில், காற்றை உறிஞ்சும் வலைப்பட்டைகளும் சிறப்பு உருளைகளும் புதிய தேய்உறுப்புகளாகச் சேர்ந்துள்ளன. வலைப்பட்டையின் நுண்துளைகள் அடைபட்டாலே நூலின் தரம் இறங்கும். இவற்றுக்கும் பொதுத் தரம் வரும் வரை, ஆலை இயந்திரத்தை ஒருமுறையும் உதிரிப்பாகத்தைப் பலமுறையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாற்றுபவரின் உடலும் கணக்கில் வர வேண்டிய ஒன்று. வளையங்கள் வரிசையாக அமைந்த சட்டம் நிற்பவரின் இடுப்பளவிலோ அதற்குக் கீழோ இருப்பதால், டிராவலர் மாற்றுபவர் இயந்திரத்தின் நீளம் முழுவதும் குனிந்தபடியே நகர்கிறார். ஈரப்பதம் கூட்டப்பட்ட, பஞ்சுத்தூசி பறக்கும் கூடத்தில் அதே விரல் அசைவை ஆயிரம் தடவைக்கு மேல் செய்கிறார். டிராவலர் ஒன்று ஓட்டத்தில் பறந்துவிட்டால், இழைகளைக் கண்காணிக்கும் சைடர், பெரும்பாலும் இளம்பெண், கதிரை நிறுத்திப் புதியதை மாட்டி இழையைப் பிணைக்க வேண்டும். மாற்றும் கெடுவைத் தள்ளிப்போட்டு ஆலை மிச்சப்படுத்தும் காசு, இவ்வாறு அவரது நடையிலும் குனிதலிலும் செலவாகிறது. அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. வளையச் சட்டத்தை மாற்றும் நேரத்தில் மட்டும் உயர்த்தி நிறுத்துவது, டிராவலருக்கு அருகே பஞ்சு சேராமல் தடுக்கும் சிறு தகட்டை விரலில் இடிக்காதபடி அமைப்பது போன்ற சிறு ஏற்பாடுகளுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

கதிர் ஒவ்வொன்றின் ஓட்டத்தையும் உணரியால் கண்காணித்து, எந்தக் கதிரில் இழை அடிக்கடி அறுகிறது என்று திரையில் காட்டும் அமைப்புகள் இன்று தமிழக ஆலைகளிலும் பரவிவருகின்றன. அறுந்த இழையைப் பிணைக்கும் தானியங்கிகளும் வந்துவிட்டன. இவற்றின் துணையால், நாள்காட்டியைப் பார்த்து இயந்திரம் முழுவதையும் மாற்றும் வழக்கம் குறைந்து, தேய்ந்த இடத்தைக் கண்டு மாற்றும் வழக்கம் காட், டேப், கதிர் ஆகியவற்றில் வேரூன்றக்கூடும். டிராவலரில் அது கடினம். ஒரே இயந்திரத்தில் புதியதும் பழையதும் கலந்து ஓடினால் பாபினுக்குப் பாபின் நூல் வேறுபடும், அந்த வேறுபாடு நெய்து சாயமிட்ட துணியில் பட்டை பட்டையாகத் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே டிராவலரைப் பொறுத்தவரை பெரும்பாலான ஆலைகளில், குறித்த நாளில் இயந்திரத்தை நிறுத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளையும் கையால் மாற்றும் முறையே தொடர்கிறது.